ஸ்பூஃப்: பிரிட்டிஷ் பப்களின் காசு ஊக ஆட்டமும் அதன் நடத்தை முறைகளும்

ஸ்பூஃப் ஆட்டத்தில் வென்றவர் என்று எவரும் இல்லை. தோற்றவர் ஒருவர் மட்டுமே உண்டு. மேசையைச் சுற்றி நிற்கும் நான்கைந்து பேர் ஆளுக்கு மூன்று காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ ஒரு கைக்குள் மறைத்தோ, வெறுங்கையை மூடியோ நீட்டி, எல்லாக் கைகளிலும் சேர்த்து மொத்தம் எத்தனை காசு இருக்கும் என்று ஆளுக்கு ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னவர் தப்பித்து வெளியேறுகிறார், மற்றவர்கள் மீண்டும் ஆடுகிறார்கள், கடைசிவரை வெளியேற முடியாமல் எஞ்சுபவர் எல்லோருக்குமான மதுவுக்குப் பணம் கொடுக்கிறார். விதிகளைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த ஆட்டத்தைப் பல காலமாக ஆடிவரும் பிரிட்டிஷ் பப்களிலும் ரக்பி சங்கக் கூடங்களிலும் புதிதாக வந்து சேர்பவர் தடுமாறுவது விதிகளில் அன்று. எப்போது பேசலாம், எப்போது சிரிக்கக்கூடாது, தப்பிய பிறகு எப்படி நிற்க வேண்டும் என்பவற்றில்தான். ஆகவே இந்த வழிகாட்டி ஆட்டத்தின் ஒவ்வொரு படியையும் அதற்குரிய மரியாதையோடு சேர்த்தே விளக்குகிறது.

மறைத்ததை ஊகிக்கும் ஆட்டம் பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினின் மதுக்கடைகளில் ‘சீனோஸ்’ என்ற பெயரில் ஏறக்குறைய இதே மூன்று காசு ஆட்டம் ஆடப்படுகிறது. பிரேசிலில் காசுக்குப் பதிலாகத் தீக்குச்சிகளை மறைத்து ‘பொரீன்யா’ ஆடுகிறார்கள். புளியங்கொட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒத்தையா, ரெட்டையா’ என்று கேட்டு வளர்ந்த நமக்கும் இதன் அடிப்படை அந்நியமானதன்று. பண்டைய ரோமில் இருவர் விரல்களை நீட்டி மொத்தத்தை ஊகிக்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. ஒருவரை முழுமையாக நம்பலாம் என்று சொல்ல, ‘இருட்டிலும் அவரோடு விரலாட்டம் ஆடலாம்’ என்ற பழமொழி அங்கு வழங்கியதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். ஸ்பூஃப் மேசையில் எதிர்பார்க்கப்படும் நேர்மையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

தொடங்கும் முன்: ரவுண்டு என்னும் வழக்கம்

பிரிட்டிஷ் பப்பில் நண்பர்கள் தத்தம் குவளைக்குத் தாமே பணம் கொடுப்பது அரிது. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அது தீர்ந்ததும் அடுத்தவர் வாங்குவார். இதற்கு ‘ரவுண்டு’ என்று பெயர். தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போய்விடுபவரையும், பிறர் வாங்கும்போது மட்டும் விலை உயர்ந்த விஸ்கியைக் கேட்பவரையும் அந்தச் சமூகம் எளிதில் மறப்பதில்லை. இந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு அரசே ஒரு சான்றை விட்டுச்சென்றிருக்கிறது: முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் குடி கெடுக்கிறது என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசின் மதுக் கட்டுப்பாட்டு வாரியம், 1915ஆம் ஆண்டில் ஒருவர் மற்றொருவருக்கு மது வாங்கித் தருவதையே பல பகுதிகளில் தடை செய்தது. ரவுண்டு வாங்குவதை நிறுத்தினாலே குடி குறையும் என்று ஓர் அரசு கணக்கிட்டது என்றால், அந்தக் கடமையின் அழுத்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்பூஃப் இந்தக் கடமையைத்தான் குலுக்கலுக்கு விடுகிறது. முறைப்படி மாறிமாறி வர வேண்டிய செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. அதே ஆள் ஒரே மாலையில் இருமுறை மாட்டிக்கொள்ளவும் கூடும். ஆகவே காசை எடுக்கும் முன்பே பந்தயம் என்ன என்பதை வெளிப்படையாகப் பேசி முடிப்பது முதல் மரியாதை. ஆறு பேருக்கு ஆறு பைன்ட், அதாவது ஒவ்வொன்றும் 568 மில்லிலிட்டர் கொண்ட ஆறு குவளை பியர், எல்லோருடைய பைக்கும் ஒத்துவரும் செலவாக இருப்பதில்லை. மாணவர் ஒருவரோ வேலை இழந்தவர் ஒருவரோ குழுவில் இருந்தால், பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலம் ஒன்றையோ, நாளைக்குக் கார் ஓட்டும் பொறுப்பையோ பந்தயமாக வைப்பது பண்பு. அதை அவர் கேட்கும் நிலைக்குத் தள்ளாமல் மற்றவர்களே முன்மொழிய வேண்டும்.

மது அருந்தாதவர் ஆடலாமா என்ற கேள்வி நம்மவர்களிடம் அடிக்கடி எழும். தாராளமாக ஆடலாம், அவர் தப்பினால் அவருக்கு எலுமிச்சை சோடா வரும், மாட்டிக்கொண்டால் மற்றவர்களின் பியருக்கும் அவரே பணம் கொடுப்பார். இந்த இரண்டாவது பகுதி மனத்துக்கு ஒவ்வாதவர்கள், ஆட்டத்துக்கு முன்பே அதைச் சொல்லி விலகி நிற்பதை எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 1: காசுகளும் வட்டமும்

ஒவ்வொருவரும் மூன்று காசுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை எல்லோருக்கும் முன் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. காசின் மதிப்புக்கு ஆட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை, எண்ணிக்கை மட்டுமே கணக்கு. எனினும் எல்லோரும் ஒரே வகைக் காசை வைத்திருப்பது நியாயமானது. இரண்டு பென்ஸ் காசு 25.9 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, மூன்றை மூடிய கை புடைத்தே நிற்கும், அதே நேரம் 18 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஐந்து பென்ஸ் காசுகள் மூன்றும் சிறிய கைக்குள்கூட அடையாளம் தெரியாமல் அடங்கிவிடும். அட்டை தேய்த்தே பணம் கொடுக்கும் இந்தக் காலத்தில் ஒரு குழுவிடம் பதினைந்து காசு தேறுவது கடினம் என்பதால், தீக்குச்சியோ, பியர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையைக் கிழித்த துண்டுகளோ போதும் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சத்தம் எழாது என்பதால் அவை காசைவிடச் சிறந்தவை என்பது என் கருத்து.

மூன்று பேர் முதல் ஆறு பேர் வரை இருந்தால் ஆட்டம் சுவையாக இருக்கும். அதற்கு மேல் போனால் யாரும் சரியாகச் சொல்லாத சுற்றுகள் பெருகி, தாகம் தீர்வதற்குள் பொழுது போய்விடும்.

படி 2: மறைத்தல்

கைகளை முதுகுக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ கொண்டுபோய், ஒரு கையில் பூச்சியம் முதல் மூன்று வரை விரும்பிய எண்ணிக்கையில் காசுகளை மூடிக்கொண்டு, அந்த மூடிய கையை மட்டும் வட்டத்தின் நடுவே நீட்ட வேண்டும். மீதிக் காசுகள் மற்றொரு கையிலோ சட்டைப் பையிலோ இருக்கலாம், ஆனால் அவை குலுங்கக்கூடாது. பையில் காசுகள் உரசும் ஒலி கேட்டால் கையில் ஒன்றுக்கு மேல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்; காது கொடுத்துக் கேட்பவர் மேல் குற்றம் இல்லை, குலுக்கியவர் மேல்தான் குற்றம்.

வெறுங்கையை நீட்டுவது விதிப்படி முழுதும் சரியே. ஆனால் முதல் சுற்றில் மட்டும் எவரும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அதனால் புதிய கூட்டத்தில் சேரும்போது இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கை நீட்டிய பிறகு அதைப் பின்னுக்கு இழுத்து எண்ணிக்கையை மாற்றுவது எந்தக் குழுவிலும் அனுமதிக்கப்படுவதில்லை.

படி 3: எண் சொல்லுதல்

ஆட்டத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. எல்லாக் கைகளும் நடுவே வந்த பிறகு ஒருவர் முதலில் எண் சொல்கிறார். கடிகாரம் சுற்றும் திசையில், அதாவது அவருக்கு இடப்பக்கமாக, ஒவ்வொருவராகத் தொடர்கிறார்கள். ஒருவர் சொன்ன எண்ணை மற்றொருவர் சொல்லக்கூடாது. அடுத்த சுற்றில் முதலில் சொல்லும் பொறுப்பு இடப்பக்கத்தவருக்குப் போகிறது. மொத்தம் பூச்சியம் என்று ஊகிப்பவர் பூச்சியம் என்று சொல்வதில்லை, ஆட்டத்தின் பெயரான ‘ஸ்பூஃப்’ என்பதையே சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெறுங்கையோடு வரும் நிகழ்வு அரிது என்பதால், அந்தச் சொல் ஒலிக்கும்போது மேசையில் சிறு சலசலப்பு எழுவதுண்டு.

கணக்கு எளிது. எவரும் எதையும் திட்டமிடாமல் மறைத்தால் ஒருவர் கையில் சராசரியாக ஒன்றரைக் காசு இருக்கும். நீங்கள் உங்கள் கையில் இருப்பதை அறிவீர்கள். அதனோடு மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்றரை சேர்த்தால் கிடைப்பதே சிறந்த ஊகம். மூவர் ஆடும்போது உங்கள் கையில் இரண்டு இருந்தால் ஐந்து என்று சொல்ல வேண்டும்; அது சரியாக அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நால்வர் ஆட்டத்தில் உங்களிடம் ஒன்று இருந்தால் ஐந்தும் ஆறும் சம வாய்ப்புடையவை, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 19 விழுக்காடு.

ஆனால் இப்படிக் கணக்குப்படி மட்டும் சொல்பவர் தன் கையைத் திறந்து காட்டுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. மூவர் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஐந்து என்கிறார். அவர் நேராக ஆடுபவராக இருந்தால் அவர் கையில் இரண்டு இருக்க வேண்டும். அதைப் படித்த இரண்டாமவர் நான்கு என்கிறார். அந்த நான்கிலிருந்து முதலாமவரின் இரண்டையும் மூன்றாமவருக்கான ஒன்றரையையும் கழித்தால், இரண்டாமவரிடம் ஒன்றுமில்லை அல்லது ஒரே ஒரு காசுதான் இருக்கும். மூன்றாமவர் கையில் மூன்று இருக்கிறது. மொத்தம் ஐந்தாகவோ ஆறாகவோ இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வருகிறார். ஐந்து ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே ஆறு என்கிறார். இரண்டாமவரிடம் ஒரு காசு இருந்தால் மூன்றாமவர் தப்புகிறார், வெறுங்கை என்றால் முதலாமவர் தப்புகிறார். கடைசியில் சொல்பவருக்குத் தகவல் அதிகம், தேர்வு குறைவு. முதலில் சொல்பவருக்குத் தேர்வு முழுவதும் உண்டு, தகவல் ஏதும் இல்லை. முதலில் சொல்லும் முறை சுற்றிச்சுற்றி வருவதன் நியாயம் இதுதான்.

இங்கே பொய் எண் பற்றிய பெரிய சர்ச்சை ஒன்று இருக்கிறது. நால்வர் ஆட்டத்தில் வெறுங்கையோடு இருப்பவர் அறிந்த அளவில் மொத்தம் ஒன்பதைத் தாண்ட முடியாது. அவர் பதினொன்று என்று சொன்னால், அது தன்னால் ஒருபோதும் சரியாக முடியாது என்று தெரிந்தே சொன்ன எண்; அடுத்தவர் அவர் கையில் மூன்று இருக்கிறது என்று நம்பி ஏமாறுவார். தன் கையில் மூன்றை வைத்துக்கொண்டு இரண்டு என்று சொல்வதும் இதே வகைதான். பல குழுக்கள் இதை முறையற்ற எண் என்று தடை செய்கின்றன. கை திறக்கும்போது அது வெளிப்பட்டுவிடும் என்பதால் ஒளிக்கவும் வழியில்லை; தண்டனை குழுவுக்குக் குழு மாறினாலும் கண்டனம் எங்கும் உண்டு. வேறு சில குழுக்களோ இதைத் திறமையின் ஒரு கூறாகவே கருதி அனுமதிக்கின்றன. என் சார்பு தடைக்கே: ஒருவர் சொல்லும் எண் அவருக்கே சாத்தியமானதாக இருக்கும்போதுதான் மற்றவர்கள் அதிலிருந்து ஊகிக்க முடியும், இல்லாவிட்டால் ஆட்டம் வெறும் குலுக்கலாகிவிடும். சாத்தியமான எண்களுக்குள்ளேயே திசைதிருப்ப இடம் வேண்டிய அளவு இருக்கிறது. ஒரு காசை வைத்துக்கொண்டு மூன்று இருப்பவரைப் போல எட்டு என்று சொல்வதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எண் சொல்வதில் தாமதம் செய்யக்கூடாது. சில நொடிகள் யோசிப்பது இயல்பு. கூரையைப் பார்த்து நீண்ட நேரம் கணக்குப் போடுவது மற்றவர்களின் கை வலிக்கக் காரணமாகும். பிறர் எண் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பது, ‘அப்படியா’ என்று இழுப்பது, அருகில் இருப்பவரிடம் கண் காட்டுவது ஆகியவை மரியாதைக் குறைவு. சொல்லிவிட்ட எண்ணைத் திரும்பப் பெற முடியாது. ஆட்டத்தில் இல்லாமல் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரே விதிதான்: வாய் திறக்கக்கூடாது. குறிப்பாக ஒருவருக்குப் பின்னால் நின்று அவர் கைக்குள் காசு போனதைப் பார்த்துவிட்டவர், தன் முகத்தையும் சேர்த்து அடக்கிக்கொள்ள வேண்டும்.

படி 4: கை திறத்தல்

கடைசி ஆள் எண் சொல்லி முடித்த பிறகே கைகள் திறக்கப்படும். எல்லோரும் ஒன்றாகத் திறந்து, ஒருவர் உரக்க எண்ணிக் கூட்ட வேண்டும். காசுகளை மேசையில் கொட்டிக் குவிக்காமல் உள்ளங்கையிலேயே காட்டினால், யார் எத்தனை வைத்திருந்தார் என்பதில் தகராறு வராது. தன் எண் தவறு என்பது தெரிந்ததும் கையை அவசரமாக மூடிக்கொள்பவர் மேல் சந்தேகம் எழுவது இயல்பே. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை கை திறந்தே இருக்கட்டும். எவர் சொன்னதும் சரியில்லை என்றால், அதைப் பற்றி ஆராயாமல் அடுத்த சுற்றுக்குப் போய்விட வேண்டும்.

படி 5: தப்பியவர் விடைபெறும் முறை

இதுவே ஸ்பூஃபைப் பிற மதுக்கூட ஆட்டங்களிலிருந்து தனியே நிறுத்துகிறது. கனவான் முறை என்று அழைக்கப்படும் ஆட்டத்தில், எண்ணைச் சரியாகச் சொன்னவர் மகிழ்ச்சியையோ நிம்மதியையோ எந்த வகையிலும் வெளிக்காட்டக்கூடாது. கையை உயர்த்துவது, ‘ஆஹா’ என்பது, பெருமூச்சு விடுவது, எஞ்சியிருப்பவர்களைப் பார்த்துப் புன்னகைப்பது எல்லாம் குற்றம். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மற்றவர்களைப் பார்த்து, ஆட்டத்துக்காக அவர்களுக்கு நன்றி சொல்லும் பண்பான வாக்கியம் ஒன்றை அமைதியான குரலில் சொல்லிவிட்டு, வட்டத்திலிருந்து ஓரடி பின்வாங்குவது. உணர்ச்சியைக் காட்டிவிட்டவரை மற்றவர்கள் மீண்டும் ஆட்டத்துக்குள் இழுத்துவிடலாம். தப்பித்ததாக நினைத்தவர் உதட்டோரச் சிரிப்பால் திரும்ப மாட்டிக்கொண்டு, கடைசியில் அவரே ரவுண்டு வாங்குவது உண்டு.

இந்த விதி வெறும் விளையாட்டுத்தனம்போலத் தோன்றினாலும் அதற்கு அழுத்தமான காரணம் இருக்கிறது. இங்கு ஒருவர் தப்புவது மற்றவர்களின் இடரைக் கூட்டுகிறது. ஐவரில் ஒருவர் வெளியேறினால் எஞ்சிய நால்வரில் ஒவ்வொருவருடைய ஆபத்தும் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக ஏறுகிறது. பணம் கொடுக்கப்போகிறவர் எதிரியும் அல்லர், உங்களோடு குடிக்க வந்த நண்பர். அவர் முன் கூத்தாடுவது அழகன்று என்பதை நேராகச் சொல்லாமல், சொன்னால் ஆங்கிலேயருக்கே கூச்சமாக இருக்கும் என்பதால், விளையாட்டாகவே ஒரு தண்டனையை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முகத்தை மரக்கட்டைபோல வைத்துக்கொண்டு நன்றி சொல்லும் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எப்படியாவது சிரிக்க வைக்க முயல்வதும் ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று. வார்த்தையால் சீண்டலாம், தொட்டுச் சீண்டக்கூடாது.

வெளியேறியவர் மேசையருகிலேயே நிற்க வேண்டும். தன் ஆட்டம் முடிந்தது என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விடுவதும், எஞ்சியவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் ஒரே அளவு தவறு.

படி 6: கடைசி இருவர்

இருவர் மட்டும் எஞ்சும்போது மொத்தம் பூச்சியத்துக்கும் ஆறுக்கும் இடையில்தான் இருக்க முடியும். முதலில் சொல்பவருக்கு மிகப் பாதுகாப்பான எண் மூன்று. அவர் கையில் எத்தனை இருந்தாலும் மூன்று சாத்தியமானது என்பதால் அது அவரைப் பற்றி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆறு என்று சொல்பவர் தன்னிடம் மூன்று இருப்பதை அறிவித்துவிடுகிறார்; எதிராளியிடம் மூன்று இல்லாவிட்டால், தன் கையோடு மூன்றைக் கூட்டி அவர் நிச்சயமாகத் தப்பிவிடுவார். அதே காரணத்தால் பூச்சியமும் ஆபத்தானது. மூன்றையே எப்போதும் சொன்னால் இருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அமைகிறது, பாதிச் சுற்றுகள் முடிவின்றிப் போகின்றன. அதனால் அனுபவசாலிகளின் கடைசிப் போர் சில நேரம் நீள்வதுண்டு. இந்தக் கட்டத்தில் சுற்றியிருப்பவர்கள் ஒருவர் பக்கம் சாய்ந்து ஆரவாரம் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

படி 7: பணம் கொடுத்தல்

தோற்றவர் முணுமுணுக்காமல் கவுண்டருக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் பப்பில் பெரும்பாலும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பதில்லை; கவுண்டரில் நின்று கேட்க வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசை இல்லாவிட்டாலும், யார் முதலில் வந்தார் என்பதைப் பணியாளரும் காத்திருப்பவர்களும் நினைவில் வைத்திருப்பார்கள். பணத்தை ஆட்டிக் காட்டுவதும் விரலைச் சொடுக்குவதும் கூடாது. பணியாளரை மகிழ்விக்க நினைப்பவர், ‘உங்களுக்கும் ஒன்று’ என்று சொல்லி ஒரு குவளையின் விலையைச் சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். தப்பியவர்கள் முன்பு குடித்த அதே வகையையே கேட்க வேண்டும். தட்டைத் தூக்கி வர ஒருவராவது உடன் போக வேண்டும். ஏற்கெனவே போதை ஏறியவருக்குத் தெரிந்தே மது விற்பதும் வாங்கித் தருவதும் இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குற்றம் என்பதால், அப்படிப்பட்டவர் குழுவில் இருந்தால் அவருக்குரிய குவளையில் தண்ணீரோ சோடாவோ வருவதைப் பற்றி எவரும் வாதாடக்கூடாது.

ஒரு நுட்பம் எஞ்சியிருக்கிறது. சாதாரண ரவுண்டு முறையில் தன் முறை வந்து வாங்கிவிட்டால் கடன் தீர்ந்தது, எழுந்து போகலாம். ஸ்பூஃபில் அப்படிப்பட்ட கணக்கு இல்லை. மூன்று ஆட்டங்களிலும் தப்பித்து இலவசமாகக் குடித்தவர் நான்காவது ஆட்டத்துக்கு முன் கிளம்பினால், விதியில் அது தவறில்லை என்றாலும் மேசையில் ஒருவித மௌனம் விழும். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் அதை முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அல்லது கிளம்பும்போது கவுண்டரில் ஒரு ரவுண்டுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.